திரும்பியது சரி, தாமதித்ததுதான் தவறு

கேள்வி: நான் 21 வயதுப் பெண். வணிக விமானி உரிமத்துக்காகப் பயிற்சி பெறுகிறேன். இதுவரை 84 மணி நேரம் பறந்திருக்கிறேன். சென்ற மாதம் தனியாகக் கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பறக்கும் பயிற்சி) போனபோது பாதி வழியில் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. 5,500 அடியில் இருந்தவள் 4,800க்கும், பிறகு 4,200க்கும் இறங்கினேன். வழியில் இருக்கும் மலை 3,200 அடி. என்ன செய்வதென்று ஒரு கால் மணி நேரம் யோசித்துக்கொண்டே போய், கடைசியில் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு 20 நிமிடம் முன்னால் அதே வழியில் கிளம்பிய நண்பர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து படமும் அனுப்பினார். பயிற்றுநர் எல்லார் முன்னாலும், "மேகத்துக்குப் பயப்படுகிறவர்கள் பஸ்ஸில் போகலாம்" என்றார். அப்பா நிலத்தை அடமானம் வைத்து என்னைப் படிக்க வைக்கிறார். அந்தப் பறப்புக்குக் கட்டிய பணம் வீண். நான் எடுத்த முடிவு தவறா? சட்டென்று சரியாக முடிவெடுப்பது பிறவிக் குணமா, கற்றுக்கொள்ள முடிந்ததா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் வயதுக்கு 'நீ' என்றே எழுதலாம். தனியாக விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கத் தெரிந்தவரை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே 'நீங்கள்'.

திரும்பி வந்தது சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் அடிக்கோடிட்ட வரி வேறு: "என்ன செய்வதென்று ஒரு கால் மணி நேரம் யோசித்துக்கொண்டே போய்." பயிற்றுநர் உங்களைத் திட்டியிருக்க வேண்டுமென்றால் அதற்காகத் திட்டியிருக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததற்காகத் திட்டியிருக்கிறார். பாடத்தைத் தலைகீழாக நடத்தியிருக்கிறார்.

முதலில் நண்பரின் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால் அவர் முடிவு சரி, உங்கள் முடிவு தவறு என்று ஆகாது. மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போகிறவர்கள் தினமும் வீடு போய்ச் சேர்கிறார்கள். அதை வைத்து யாரும் கேட்டைக் கழற்றிவிடவில்லை. அவர் 20 நிமிடம் முன்னால் போனார். அவர் பார்த்த வானமும் நீங்கள் பார்த்த வானமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றாகவே இருந்தாலும், அவருக்குக் கிடைத்தது ஒரு தடவைக்கான அதிர்ஷ்டம். அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த அதிர்ஷ்டத்தை அவர் திறமை என்று எண்ணிக்கொள்வது. அடுத்த முறை இன்னும் 300 அடி கீழே இறங்குவார்.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு யாராவது சரியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. 'பார்வை மறைந்துவிடும்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பார்வை மறைவது சின்ன விஷயம். காது பொய் சொல்லத் தொடங்குவதுதான் பெரிய விஷயம்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விரித்துக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றால் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றும். உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் செய்யும் வேலை அது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 20 விநாடிக்குள் அந்தத் திரவமும் திருப்பத்தோடு சேர்ந்துகொள்கிறது. நேராகப் போவதாகவே உடம்பு சொல்கிறது. மிக மெதுவாகச் சாய்ந்தாலோ காதுக்குத் தெரியவே தெரியாது. வெளியே அடிவானம் தெரிந்தால் கண் அந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த ஆள் இல்லை. சாய்ந்த விமானம் உயரம் இழக்கும். உயரமானி இறங்குவதைப் பார்த்து நீங்கள் கட்டுப்பாட்டுத் தண்டை உங்கள் பக்கம் இழுப்பீர்கள். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் சுழல் இறுகும், இறக்கம் இன்னும் வேகமாகும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை உண்மையான விமானத்தில் உட்கார வைத்து, வெளியே பார்க்க முடியாதபடி செய்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி தாக்குப்பிடித்தார்கள். மிகக் குறைந்தது 20 விநாடி, மிக அதிகம் 480. இந்த 178 என்ற எண் விமானப் பள்ளிகளில் பிரபலம். அந்த ஆய்வின் மறுபாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. பயமுறுத்துவதற்காக அவர்கள் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. தவறி மேகத்துக்குள் நுழைந்தவர் 180 பாகை திரும்பி வெளியே வருவதற்கு எளிமையான சில படிகளை வகுத்து, அதே ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிறகு ஏறத்தாழ எல்லாராலும் திரும்பி வர முடிந்தது. ஆக, நீங்கள் செய்ததை எப்படிச் செய்வது என்று கண்டறிவதுதான் அந்த ஆய்வின் நோக்கமே.

அனுபவம் வந்தால் இது சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணை முடிவில் விமானப்படை அறிவித்தது. அதை ஓட்டியவர்கள், இத்தனை வருடம் விமானம் ஓட்டிய என்னைவிட நூறு மடங்கு கடினமான பறப்புகளைச் செய்தவர்கள். காது எல்லாருக்கும் ஒரே காதுதான்.

இப்போது உங்கள் கால் மணி நேரத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அந்த 15 நிமிடமும் முடிவெடுக்காமல் இருந்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள். 5,500இலிருந்து 4,800க்கு இறங்கியது ஒன்று. 4,800இலிருந்து 4,200க்கு இறங்கியது இன்னொன்று. இரண்டுமே 'தொடர்ந்து போவது' என்ற முடிவுகள். ஆனால் அவை முடிவு மாதிரித் தெரியாது. 'கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்றுதான் தோன்றும். 4,200இல் மலைக்கும் உங்களுக்கும் இடையே 1,000 அடி. தலைக்கு மேலே மேகம். அதிலிருந்து செங்குத்தாக 300 மீட்டர், அதாவது 1,000 அடி, விலகியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த 4,200இல் அந்த இடைவெளி இருந்ததா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதாததற்கான காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது.

விமானத் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: போட்ட திட்டத்தை விட முடியாமை. வானிலை மாறிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும், பழைய திட்டத்தைக் கை தானாக நடத்திக்கொண்டு போகும். போக வேண்டிய இடம் நெருங்க நெருங்க இந்தப் பிடி இறுகும். இன்னும் 30 மைல்தானே, இன்னும் 12 மைல்தானே. பயணத் தொடக்கத்தில் சுலபமாகத் திரும்பியிருக்கக்கூடிய அதே ஆள், முடிவில் திரும்ப மாட்டார்.

இந்தப் பிடிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதற்கு நம் பக்கத்துக் கோழிக்கோட்டையே சொல்லலாம். 2020 ஆகஸ்ட் 7, இரவு, மழை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டு நில ஓடுபாதையில் இரண்டாவது முயற்சியில், பின்காற்றோடு இறங்கியது. 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அதில் அடக்கம். கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. வேறு விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் இருந்தது. விசாரணை அறிக்கை இன்னொன்றையும் குறிப்பிடுகிறது: மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தை அதே கேப்டன் ஓட்ட வேண்டியிருந்தது, அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்தது என்கிறது அறிக்கை. ஒரு நல்ல ஊழியரின் பொறுப்புணர்ச்சி அது. அலுவலகத்தில் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். விமானி அறையில் அது எடை.

உங்கள் விமானத்திலும் எடை இருந்தது. பக்கத்து இருக்கை காலி என்று நினைத்துக் கிளம்பினீர்கள். அதில் அடமானப் பத்திரம் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் நண்பரின் படம், பயிற்றுநரின் முகம், வீணாகப் போகும் கட்டணம். எடை சமநிலைக் கணக்குத் தாளில் இவற்றுக்குக் கட்டம் இல்லை. நான் கொஞ்ச காலமாக என் மாணவர்களை அந்தத் தாளின் ஓரத்தில் இதையும் எழுதச் சொல்கிறேன்: "இன்று நான் போயே ஆக வேண்டும் என்று நினைக்க என்ன காரணம் இருக்கிறது?" ஒன்றும் இல்லை என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. (ஒரு பையன் "என் காதலி அந்த ஊரில் இருக்கிறாள்" என்று எழுதினான். அன்று அவனை வேறு ஊருக்கு அனுப்பினேன்.)

அந்த 15 நிமிடத்தை எப்படி இல்லாமல் செய்வது? முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். மேலே போனபின் அதற்குக் கீழ்ப்படிவது மட்டும்தான் வேலை. இதைத் தவிர இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக வேறெதுவும் இல்லை.

தொடையில் கட்டிக்கொள்ளும் நீபேடில் வழித்தடம், நேரம், எரிபொருள் எல்லாம் எழுதியிருப்பீர்கள். அதற்கு மேலே சிவப்பு மையில், எண்ணாக, எழுதுங்கள். "வானிலை மோசமானால் திரும்புவேன்" என்று எழுதினால் பயன் இல்லை. மோசம் என்றால் எவ்வளவு என்று வாதாட உங்கள் மனத்துக்குள்ளேயே ஒரு வக்கீல் இருக்கிறார். உங்கள் வழித்தடத்தை வைத்தே சொல்கிறேன். மலை 3,200 அடி. "மேகம் என்னை 5,000க்குக் கீழே தள்ளினால் திரும்புவேன்." அவ்வளவுதான். அப்படி எழுதியிருந்தால் 4,800க்கு இறங்கத் தோன்றிய அந்தக் கணமே திரும்பியிருப்பீர்கள். 4,200 என்ற பேச்சே எழுந்திருக்காது. அதுபோலவே நேரத்துக்கு ஓர் எண், பார்வைத் தூரத்துக்கு ஓர் எண். விதி 5 கிலோமீட்டர் என்றால் 84 மணி நேரம் பறந்தவருக்கு 8 இருக்கட்டும். விதி என்பது எல்லாருக்குமான கடைசிக் கோடு. உங்கள் கோடு அதற்கு நன்றாக உள்ளே இருக்க வேண்டும். அனுபவம் ஏற ஏற அதை நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் நகர்த்துவது தரையில், பேனாவோடு. காற்றில் நகர்த்தக் கூடாது.

பெரிய விமானங்களிலும் இதே ஏற்பாடுதான். தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கோ அரவுண்ட்: இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறு. ஏன் என்று நிறுவனம் குற்றம் சாட்டக் கூடாது. அந்த இடத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே விதியை முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் மனிதர்கள் தொடர்கிறார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் என்று சொன்னதாக விசாரணை அறிக்கை கூறுகிறது. கேப்டன் தொடர்ந்து இறங்கினார். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கி எழுந்திருந்தார். விழித்த பிறகும் மூளை முழுதாக விழிக்காத நிலையாக அது இருந்திருக்கலாம். துணை விமானி வாய் திறந்து சொன்னார் என்பதே அந்த அறிக்கையைப் படித்தபோது என்னை உறுத்தியது. ஏனென்றால் நான் ஒரு முறை சொல்லவில்லை.

துணை விமானியாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரவு, நல்ல மழை. கேப்டன் என்னைவிட 25 வயது மூத்தவர், நான் மிகவும் மதித்தவர். 500 அடியில் வேகம் இருக்க வேண்டியதைவிட 20 நாட் அதிகம். முள்ளைப் பார்க்கிறேன், அவர் முகத்தைப் பார்க்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இது: "சார், மழை கொஞ்சம் பலமாகத்தான் இருக்கிறது." அவர் "ஆமாம்" என்றார். இறங்கினோம், வெகுதூரம் தள்ளி. பிரேக் பிடித்தும் விமானம் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனது. ஓடுபாதை முடிவில் குறுக்கே வரிசையாக எரியும் சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிற தூரத்தில் நின்றோம். எஞ்சினை அணைத்த பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஏன் நீ ஒன்றும் சொல்லவில்லை?" என்றார்.

"சொன்னேனே சார், மழை என்று…"

"மழை எனக்கும் தெரிந்தது. வேகத்தைச் சொல்லியிருக்கலாமே."

நாற்பது வருடமாக அந்த ஒரு வரியை வைத்துத்தான் வகுப்பு நடத்துகிறேன். விமானி அறையில் நாம் ஆங்கிலம் பேசுகிறோம். ஆனால் பெரியவர் தவறு செய்யும்போது சுற்றி வளைத்துச் சொல்லும் நம் வளர்ப்பு அந்த ஆங்கிலத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நமக்கு மட்டும் உள்ள வியாதி இது என்றும் எண்ண வேண்டாம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே கொலம்பியாவின் அவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் கேட்டார். துணை விமானியோ கட்டுப்பாட்டு அறையிடம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். 'மேடே' என்ற அவசரநிலைச் சொல் கடைசி வரை வரவில்லை. எரிபொருள் எல்லா விமானத்திலும்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இப்போதே பழகுங்கள். எண்ணைச் சொல்லுங்கள், பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "சார், வேகம் 20 அதிகம், கோ அரவுண்ட்." அந்த 'சார்' இருந்துவிட்டுப் போகட்டும், மரியாதை சொல்லில் இருக்கலாம், எண்ணை மறைக்கக் கூடாது. உங்கள் பயிற்றுநரிடமும் இதே மாதிரிப் போய்ப் பேசுங்கள். தனியாக, அமைதியாக. "4,200 அடியில் மலைக்கு மேலே 1,000 அடிதான் இருந்தது. மேகத்திலிருந்து விலகியிருக்க இடம் இல்லை. நான் இன்னும் முன்னாலேயே திரும்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் எந்த இடத்தில் திரும்பியிருப்பீர்கள்?" இந்தக் கேள்விக்கு நல்ல பயிற்றுநர் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்வார். மறுபடியும் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் தலைமைப் பயிற்றுநரிடம் போங்கள். அங்கும் அதே பேச்சென்றால் பள்ளியை மாற்றுவதைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டியிருக்கும். செலவுதான், தெரிகிறது.

பிறவிக் குணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய அமெரிக்க விமானி சல்லன்பெர்கரைச் சொல்லி, 'அது கடவுள் கொடுத்த வரம்' என்பார்கள். பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்ததிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை 208 விநாடி. அதற்குள் அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. சரிபார்ப்புப் பட்டியலில் வெகு கீழே இருந்த துணை மின் எஞ்சினை முதலிலேயே ஓடவிட்டார். அதனால் விமானத்துக்கு மின்சாரம் இருந்தது. இன்னொன்று, இறங்கப் போகும் நேரத்தில் துணை விமானியிடம், ஏதாவது யோசனை இருக்கிறதா என்று கேட்டார். பிறவி மேதைகள் பக்கத்து ஆளிடம் கேட்பதில்லை; பழகியவர்கள் கேட்பார்கள். பிறகு சிமுலேட்டரில் சோதித்தபோது, மோதிய உடனே திரும்பியவர்களில் சிலரால் ஓடுபாதையை எட்ட முடிந்தது. யோசிக்க 35 விநாடி கொடுத்துத் திரும்பச் சொன்னபோது எட்ட முடியவில்லை. அவரிடம் இருந்தது மொத்தமே அந்த 208 விநாடி. உங்களிடம் இருந்தது 15 நிமிடம், எரிபொருளோடும் நல்ல எஞ்சினோடும். அப்படிப்பட்ட வசதி உள்ளவரை முடிவைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கடனைப் பற்றிய பயத்தை அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் அது விமானத்தில் ஏறாது. "திரும்பி வந்தால் அந்தப் பணம் போனதாகவே இருக்கட்டும்" என்று அவர் சொல்லும் வாய்ப்பு அதிகம். விவசாயம் செய்கிறவராக இருந்தால், மழை பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடாத ஆண்டே அவருக்கு இருந்திருக்காது.

கடைசியாக, அந்த நண்பரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள்: மலையைக் கடந்தபோது உயரமானி என்ன காட்டியது? சட்டென்று ஓர் எண்ணைச் சொன்னால் சரி. யோசித்தால், இந்தப் பக்கத்தை அவருக்கும் படிக்கக் கொடுங்கள்.